மழை பெய்தால் எலி ஏன் பெருகுது?



"மழை நல்லா பேஞ்சா நெல்லும் பெருகும், எலியும் பெருகும்" என்று எங்க ஆயா சொல்லும். நெல் பெருகும், சரி. எலி எப்படி? வளைக்குள் தண்ணி போனால் எலி சாகத்தானே வேண்டும்? இந்தச் சந்தேகத்துக்கு நான் தெரிந்துகொண்ட விடை இதுதான்.

வளைக்குள் தண்ணீர்

பெருமழையில் வளை மூழ்கினால் கண் திறக்காத குட்டிகள் செத்துப்போகும். பெரிய எலிகள் மேடான வரப்புக்கு ஓடிவிடும். எலி குறைந்த மாதிரி தெரியும். ஆனால் அது கொஞ்ச நாள்தான்.

மழைக்குப் பிறகு

குட்டியைச் சுமக்கவும் பால் கொடுக்கவும் தாய் எலிக்கு நிறைய சத்து வேண்டும். காய்ந்த புல்லில் அது கிடைக்காது. மழை பெய்தால் புல் துளிர்க்கும், விதை பிடிக்கும், நெல் கதிர் விடும். அப்போதுதான் எலிகள் அதிகமாக ஈனும்.

உங்களுக்குத் தெரியுமா? முளைவிடும் இளம்புல்லில் உள்ள ஒரு வேதிப்பொருள் ஒருவகை மலை எலியின் இனப்பெருக்கத்தைத் தூண்டுகிறது என்று 1981-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். "சாப்பாடு வரப்போகுது" என்று புல்லே சேதி சொல்லுது!

நம்ம வயல் கணக்கு

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதில் வளரும் சம்பா நெல் மார்கழியில் கதிர் விட்டு, தையில் அறுப்புக்கு வரும். வரப்பு எலி சினையாகி சுமார் 3 வாரத்தில் குட்டி போடும். ஒரு ஈற்றுக்கு 6, 7 குட்டி சாதாரணம்.

ஒரு வரப்பில் 5 பெண் எலி இருந்தால், தலைக்கு 6 குட்டி என்றால் 5 × 6 = 30. அறுப்புக்குள் இன்னொரு ஈற்று போட்டால் 60!

தான்சானியாவில்

ஆப்பிரிக்காவில் உள்ள தான்சானியாவில் வளையில் வாழும் ஒரு எலி ஒரே ஈற்றில் பத்துக்கும் மேல் குட்டி போடும். அங்கே பெரிய மழை மார்ச் முதல் மே வரை, சின்ன மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. சின்ன மழை அதிகமாகப் பெய்தால் எலிகள் முன்கூட்டியே ஈனும். அந்தக் குட்டிகளும் வளர்ந்து அதே பருவத்தில் ஈனும். அதனால் மழை அளவைப் பார்த்தே எலிப் பெருக்கத்தை முன்னாடியே சொல்லலாம் என்று ஹெர்விக் லேர்ஸ் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவும் 1996-ல் எழுதினார்கள்.

நாம் செய்யும் தப்பு

போன தையில் கதிரை எலி வெட்டிய பிறகுதான் எங்க வீட்டில் பொரியில் மருந்து கலந்து வைத்தோம். எலி குறையல. எங்க கோழி இரண்டு அதைத் தின்று செத்துப்போச்சு. ஆயா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடல. 60 ஆன பிறகு மருந்து வைப்பதை விட, 5 ஆக இருக்கும்போதே பிடிப்பது சுலபம் இல்லையா?

எனவே, கதிர் விடும் முன்பே:
1. வரப்பை ஒல்லியாக வெட்ட வேண்டும். அகல வரப்பில்தான் வளை அதிகம்.
2. வரப்புப் புல்லைச் செதுக்க வேண்டும்.
3. வாயில் புது மண் குவிந்த வளையில் எலி இருக்கும். அதன் பக்கத்தில் கிட்டி வைக்க வேண்டும்.
4. ராத்திரி ஆந்தை உட்கார வயலில் டி வடிவக் குச்சி நட வேண்டும்.

இந்த வருஷம் மழை விட்டதும் நானும் ஆயாவும் வரப்புக்குப் போகப்போகிறோம். நீங்களும் உங்க வீட்டில் சொல்லுங்கள்.