இடம் போதவில்லையா? அழிக்கும் முன் அளந்து பாருங்கள்



'வன்தட்டில் இடம் குறைவாக உள்ளது.' மடிக்கணினித் திரையில் இப்படி ஓர் எச்சரிக்கை வந்தால், நீங்கள் முதலில் எதை அழிப்பீர்கள்? வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டேன். "காணொளிகளை, டீச்சர்!" என்று பலரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

சென்ற ஆண்டு நான்காம் படிவ மாணவர் ஒருவர் அப்படித்தான் செய்தார். அறிவியல் ஒப்படைப்பைச் சேமிக்க இடம் இல்லை. அவசரத்தில் பெரிய காணொளி ஒன்றை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டார். தீபாவளிக்கு அவருடைய பாட்டி முறுக்கு பிழிந்தபோது எடுத்த காணொளி அது. பாட்டி காலமாகிவிட்டார். காணொளிக்கு வேறு நகலும் இல்லை. அதனால் கிடைத்த இடம் ஏறக்குறைய 3 கிகாபைட். மறுநாள் அந்தக் கணினியை இருவரும் சேர்ந்து ஆராய்ந்தோம். யாருக்கும் தேவைப்படாத கோப்புகள் அதைப்போல் இரு மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன.

எனவே, எதையும் அழிக்கும் முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இது எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது? அழித்துவிட்டால் இது மீண்டும் கிடைக்குமா?

அந்த மாணவரின் கணினியில் இருந்தது உபுண்டு. 2004-ஆம் ஆண்டு முதல் வெளிவரும் திறந்த மூல இயங்குதளம் இது. லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தப் பாடத்தையும் உபுண்டுவை வைத்தே பார்ப்போம்.

64 ஏன் 59 ஆகிறது?

கடையில் 64 கிகாபைட் என்று வாங்கிய வன்தட்டு, கணினியில் 59.6 என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் 1 கிகாபைட்டை 1,000,000,000 பைட் என்று கணக்கிடுகிறார். சில மென்பொருள்கள் அதை 2-இன் 30-ஆம் அடுக்காக, அதாவது 1,073,741,824 பைட்டாகக் கணக்கிடுகின்றன. 64,000,000,000-ஐ இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். விடை 59.6 வரும்.

இன்னொரு குறைவும் உண்டு. உபுண்டு வழக்கமாகப் பயன்படுத்தும் ஈஎக்ஸ்டி4 என்னும் கோப்பு முறைமை, 5 விழுக்காடு இடத்தை நிர்வாகிக் கணக்கிற்காக ஒதுக்கி வைக்கிறது. நம் கோப்புகளால் வன்தட்டு நிரம்பி வழிந்தாலும், கணினியைச் சரிசெய்ய நிர்வாகிக்குச் சற்று இடம் இருக்க வேண்டும் அல்லவா? 59.6-இல் 5 விழுக்காடு ஏறக்குறைய 3 கிகாபைட். ஆக, நமக்குக் கிடைப்பது 56 கிகாபைட் அளவுதான்.

முதல் வேலை: அளத்தல்

டெர்மினலைத் திறங்கள். கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். டி, எஃப், இடைவெளி, கழித்தல் குறி, எச் என்று தட்டி, என்டர் விசையை அழுத்துங்கள். ஒரு பட்டியல் தோன்றும். அதில் சாய்கோடு மட்டும் தனியாக முடியும் வரியைப் பாருங்கள். மொத்த இடம், பயன்படுத்திய இடம், மீதி இடம், விழுக்காடு ஆகியவை அங்கே இருக்கும். இவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

எந்தக் கோப்புறை இடத்தை அடைக்கிறது என்பதைப் படமாகக் காட்டும் மென்பொருளும் உண்டு. அதன் பெயர் டிஸ்க் யூசேஜ் அனலைசர். பருத்த அடிமரம் கொண்ட ஆப்பிரிக்க மரத்தின் பெயரால் அதை பாவோபாப் என்றும் அழைப்பார்கள். வட்டப் படத்தில் எந்தத் துண்டு பெரிதோ, அந்தக் கோப்புறையிலிருந்து தேடலைத் தொடங்குங்கள்.

மீண்டும் கிடைக்கக்கூடியவை

முதலில், பதிவிறக்கம் செய்த மென்பொருள் பொதிகள். ஒரு மென்பொருளை நிறுவும்போது அதன் பொதி இணையத்திலிருந்து வந்து இறங்குகிறது. நிறுவிய பிறகும் அது சில வேளைகளில் கணினியிலேயே தங்கிவிடும். எஸ்-யு-டி-ஓ, இடைவெளி, ஏ-பி-டி, இடைவெளி, சி-எல்-இ-ஏ-என் என்ற கட்டளை அந்தப் பொதிகளை நீக்கும். நிறுவிய மென்பொருளுக்கு ஒன்றும் ஆகாது. பொதி மறுபடியும் தேவைப்பட்டால் இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, பழைய கெர்னல்கள். இயங்குதளத்தின் மையப் பகுதியே கெர்னல். புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் புதியது வந்து சேரும், பழையது உடனே போய்விடாது. மேலே சொன்ன கட்டளையின் கடைசிச் சொல்லுக்குப் பதிலாக, 'ஆட்டோரிமூவ்' என்பதை இடைவெளி இல்லாமல் ஒரே ஆங்கிலச் சொல்லாகத் தட்டுங்கள். இனித் தேவைப்படாத கெர்னல்களும் துணைப் பொதிகளும் நீங்கும். இப்போது இயங்கிக்கொண்டிருக்கும் கெர்னலை இது தொடாது. நீக்குவதற்கு முன் ஒரு பட்டியலைக் காட்டி உங்களிடம் சம்மதம் கேட்கும். பட்டியலைப் படித்துப் பார்த்த பிறகே ஒய் என்ற எழுத்தை அழுத்துங்கள்.

மூன்றாவது, கணினியின் நாட்குறிப்பு. கணினி தன்னுள் நடப்பதை எல்லாம் எழுதி வைக்கிறது. வேறு அளவை அமைக்காவிட்டால், இந்தப் பதிவுகள் வன்தட்டில் 10 விழுக்காடு வரை வளரலாம், ஆனால் 4 கிகாபைட்டைத் தாண்டாது. 'ஜர்னல்' என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, டி, எல் ஆகிய எழுத்துகளை ஒட்டி எழுதுங்கள். ஓர் இடைவெளி விட்டு, இரண்டு கழித்தல் குறிகள், 'டிஸ்க்', ஒரு கழித்தல் குறி, 'யூசேஜ்' என்று சேர்த்துத் தட்டினால் அதன் அளவு தெரியும். ஏதேனும் கோளாறைக் கண்டறிய முயன்றுகொண்டிருந்தால் மட்டும் இந்தப் பதிவுகளை இப்போதைக்கு விட்டுவையுங்கள்.

அழித்தும் இடம் கிடைக்கவில்லையே!

காரணம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, குப்பைத் தொட்டி. அங்கே அனுப்பிய கோப்பு இடம் மாறியிருக்கிறதே தவிர, அழியவில்லை. மற்றொன்று, திறந்திருக்கும் கோப்பு. ஒரு மென்பொருள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் கோப்பை நீங்கள் அழித்தால் அதன் பெயர் மறைந்துவிடும். ஆனால் அந்த மென்பொருளை மூடும் வரை லினக்ஸ் அதன் இடத்தை விடுவிக்காது.

உண்மையில் ஒரு கோப்பை அழிக்கும்போது என்ன நடக்கிறது? நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அட்டவணையிலிருந்து நூலின் பெயரை அடித்துவிட்டு, 'இந்த அடுக்கில் வேறு நூல் வைக்கலாம்' என்று எழுதுவதைப் போன்றது அது. தரவு சிறிது காலம் அங்கேயே இருக்கலாம். அதனால்தான், தவறுதலாக அழித்துவிட்டால் கணினியில் வேறு எதையும் சேமிக்காமல் உடனே நிறுத்திவிட வேண்டும். ஆனால் எஸ்எஸ்டி வகைச் சேமிப்பகம் என்றால், காலியான பகுதிகள் எவை என்பதை உபுண்டு வாரம் ஒருமுறை அதற்குத் தெரிவிக்கும். அதன் பிறகு மீட்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

கைவைக்கக் கூடாதவை

ஆர், எம் என்று தொடங்கும் கட்டளை குப்பைத் தொட்டிக்கு அனுப்பாமல் நேரடியாக அழித்துவிடும். அதற்கு முன்னால் எஸ்-யு-டி-ஓ இருந்தால் இயங்குதளத்தையே அழிக்கவும் தயங்காது. எங்கோ படித்த கட்டளையைப் பொருள் புரியாமல் தட்டாதீர்கள். உங்கள் படங்கள், குரல் பதிவுகள், ஒப்படைப்புகள் ஆகியவற்றை எந்தக் கட்டளையாலும் மீண்டும் பதிவிறக்க முடியாது. இடம் வேண்டி அவற்றை நகர்த்தத்தான் வேண்டும் என்றால், முதலில் பென்டிரைவில் நகலெடுத்து, அது திறக்கிறதா என்று பார்த்துவிட்டு அழியுங்கள்.

செய்து பாருங்கள்

1. உரைத் தொகுப்பானில் 'அ' என்ற ஓர் எழுத்தை மட்டும் எழுதி, உங்கள் முகப்புக் கோப்புறையில் 'அ' என்ற பெயரிலேயே சேமியுங்கள். யுடிஎஃப்-8 முறையில் இந்த எழுத்துக்கு 3 பைட். வரி முடிவுக்குறியும் சேர்ந்தால் 4 பைட்.

2. டெர்மினலில் டி, யு, இடைவெளி, கழித்தல் குறி, எச், இடைவெளி, அ என்று தட்டுங்கள். அந்தக் கோப்பு வன்தட்டில் 4 கிலோபைட் இடத்தை எடுத்திருப்பது தெரியும். ஈஎக்ஸ்டி4 இடத்தைப் பொதுவாக 4,096 பைட் கொண்ட கட்டங்களாகவே பிரித்துக் கொடுக்கிறது. பேருந்தில் சிறு குழந்தை உட்கார்ந்தாலும் ஒரு முழு இருக்கை போய்விடுவதைப் போல!

3. இப்படிப்பட்ட கோப்புகள் 1,000 இருந்தால், எழுத்துகளுக்கு எத்தனை பைட் தேவை? வன்தட்டில் எத்தனை பைட் செலவாகும்? கணக்கிட்டு, விடையை நண்பரின் விடையோடு ஒப்பிடுங்கள்.

கடைசியாக, டி-எஃப் கட்டளையை மறுபடியும் இயக்குங்கள். குறிப்பேட்டில் எழுதிய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிட்டால், உங்கள் குடும்பக் காணொளிகளைத் தொடாமலேயே எவ்வளவு இடம் மீண்டது என்பது தெரியும்.