பாட்டி சுருக்குப்பையில் ஆற்காட்டு ரூபாய்

மாமல்லபுரம் கடற்கரையில் ஒருத்தர் நீட்டிய காசை 600 ரூபாய்க்கு வாங்கியவள்தான் உன் அக்கா. ஒரு பக்கம் அனுமார், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி பெயர், 1818 என்று வருஷம். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. இந்த மாதிரி வில்லையைக் காட்டி, ‘அரிசியை இழுக்கும், லட்சத்துக்குப் போகும்’ என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடு தம்பி.

அதுக்காகச் சாமி உருவம் இருந்தாலே போலி என்று ஒதுக்கிவிடாதே. 1807 வாக்கில் சென்னையில் கம்பெனி அடித்த அரை வராகன், கால் வராகன் வெள்ளிக்காசுகளில் ஒரு பக்கம் கோபுரமும் நட்சத்திரங்களும், மறுபக்கம் பெருமாளும் உண்டு. தமிழ், தெலுங்கு, பாரசீகம், ஆங்கிலம் என்று நாலு மொழி எழுத்து. லென்ஸ் வைத்து நட்சத்திரத்தை எண்ணு, கோபுர நிலைகளை எண்ணு. காசுக்குக் காசு மாறும், அந்த மாற்றத்தில்தான் ரகம் பிரிகிறது. சிலவற்றை ஸ்பானிய டாலர் மேலேயே அடித்திருக்கிறார்கள். சாய்த்துப் பிடித்தால் பழைய எழுத்தின் நிழல் தெரியலாம். அப்படி ஒன்று கிடைத்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது.

நம்ம பக்கத்து வீடுகளில் அதிகம் வாய்க்கக்கூடியது ஆற்காட்டு ரூபாய். பிரெஞ்சுக்காரர்களுக்கு 1736-லும் இங்கிலீஷ்காரர்களுக்கு 1742-லும் ஆற்காட்டு நவாப் அதை அடிக்க அனுமதி கொடுத்தார். கடப்பாக்கத்துப் பக்கம் ஆலம்பரைக் கோட்டையிலும் நாணயச்சாலை இருந்தது. ‘ஆற்காடு’ என்று எழுதியிருப்பதை நம்பி ஆற்காட்டில் அடித்தது என்று முடிவு கட்டாதே. பிறை இருந்தால் புதுச்சேரி, தாமரை இருந்தால் சென்னை, ரோஜா இருந்தால் கல்கத்தா. வருஷத்தையும் நம்பாதே. இரண்டாம் ஆலம்கீர் பெயரில் ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6 என்று போட்டே கம்பெனி பல வருஷம் அடித்துத் தள்ளியது. அச்சு பெரிசு, வில்லை சிறிசு என்பதால் பாதி எழுத்து வெளியே போயிருக்கும். அது குறையில்லை. சராப்புக்காரர் குத்திய முத்திரையும் அப்படித்தான். ஆனால் காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த தழும்பு இருந்தால் விலையைக் குறைத்துக் கேள்.

 

இன்னொன்று, விபூதி போட்டுத் தேய்க்காதே, புளியும் வேண்டாம். குத்துவிளக்குக்கு அது சரி. பாட்டியின் ரூபாயை நான் பளபளவென்று ஆக்கி, இருந்த எழுத்தையும் மழுக்கிவிட்டேன். கறுப்புப் படிந்த வெள்ளிக்குத்தான் மதிப்பு. விளிம்பைப் பிடித்து எடு. பி.வி.சி. கவரில் போட்டால் நாளாக ஆகப் பச்சைப் பிசுக்கு பிடிக்கும். காகித உறையில் போட்டு, உள்ளே ஒரு சீட்டில் எடை, எங்கே வாங்கினது, என்ன விலை என்று எழுதி வை. நம்ம வீட்டு உப்புக்காற்றுக்கு மூடி இறுக்கமான டப்பா அவசியம்.

ஆலம்பரைக்கும் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்கும் போய்ச் சுற்றிப் பார், தோண்டாதே. மண்ணில் புதையல் கிடைத்தால் 1878-ஆம் வருஷச் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். துபாய் மாமா கேட்டாலும் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசைக் கொடுத்தனுப்பாதே. 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.

வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் எழும்பூர் அருங்காட்சியகத்து நாணயப் பிரிவில் நின்று பார்த்துவிட்டு வா. அப்புறம், சித்தி வீட்டுப் பரண்மேல் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. அதைத் திறக்கிற அன்றைக்கு என்னையும் கூப்பிடு.