மங்கிப்போன போட்டோவுக்கு 8 பிட் போதுமா?

கனகம்மாசத்திரம் பக்கம் பல வீடுகளில், திருத்தணியில் மொட்டை போட்ட கையோடு ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படம் ஒன்று சுவரில் தொங்கும். அதில் இருக்கிற தாத்தாவுக்கு வேறு படமே இருக்காது. நெகட்டிவும் கிடைக்காது. படமோ வருஷத்துக்கு வருஷம் வெளுத்துக்கிட்டே போகுது. இதை ஸ்கேன் செய்து, சரிபண்ணி, பெரிசா பிரிண்ட் போடணும். ஸ்கேனர் சாஃப்ட்வேர் கேட்கிற முதல் கேள்வியிலேயே பலரும் நின்றுவிடுகிறோம்: 24 பிட் கலரா, 48 பிட் கலரா?

24 பிட் என்றால் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 8 பிட். அதாவது 256 படிகள். 48 என்றால் ஒவ்வொன்றுக்கும் 16 பிட், 65,536 படிகள். ஆனா லேபுக்கு நாம் கொடுக்கப்போவது ஜேபெக், அதில் இருப்பது 8 பிட்தான். அப்புறம் 16 எதுக்கு?

மங்கிய படத்தின் ஹிஸ்டோகிராமைப் பாருங்க. கறுப்பு கறுப்பா இருக்காது, வெள்ளை வெள்ளையா இருக்காது. எல்லா டோனும் 90-லிருந்து 170-க்குள் அடைஞ்சு கிடக்குதுன்னு வெச்சுக்கோங்க. 8 பிட்டில் அது சுமார் 80 படிகள். லெவல்ஸில் இதை 0–255-க்கு இழுத்தால், அதே 80 படிகளை 256 இடத்தில் பரப்புகிறோம். மூன்றில் இரண்டு இடம் காலி. பட்டுப்புடவை ஜரிகையில் இது கண்ணுக்கே தெரியாது. ஸ்டுடியோ பின்திரையிலும் கன்னத்திலும் பட்டை பட்டையாத் தெரியும். 16 பிட்டில் அதே பகுதிக்கு 20,000-க்கு மேல் படிகள். கடைசிச் சில பிட்கள் வெறும் இரைச்சல்தான். 12 பிட் மட்டுமே உண்மைன்னாலும் 1,280 படிகள் மிஞ்சும். தாராளம்.

நல்லா இருக்கிற படத்துக்கு இதெல்லாம் வேண்டாம், 8 போதும். 6×4 அங்குலப் படம், 600 டிபிஐ, 24 பிட்டில் சுமார் 26 எம்பி. 48 பிட்டில் அது இரண்டு மடங்கு.

8 பிட்டில் ஸ்கேன் செய்துவிட்டு, பிறகு எடிட்டரில் 16-க்கு மாற்றினால் விட்டுப்போன படிகள் திரும்பி வராது. 16 பிட் ஃபைல் தராத ஸ்கேனரா? ஸ்கேன் சாஃப்ட்வேரிலேயே, ஸ்கேன் பட்டனைத் தட்டும் முன், பிளாக் பாயின்ட், ஒயிட் பாயின்ட் வைத்துவிடுங்க. பல ஸ்கேனர்கள் உள்ளுக்குள் அதிக பிட்டில் படித்து, திருத்திய பிறகே 8-க்குச் சுருக்கும்.

கறுப்பு வெள்ளைப் படம் மஞ்சள் கறை பிடிச்சிருந்தால் கிரேஸ்கேல் வேண்டாம், கலரில் ஸ்கேன் பண்ணுங்க. மஞ்சள் கறை நீல ஒளியை விழுங்கும். அதனால் சிவப்பு சேனலில் கறை ரொம்பக் குறைவாத் தெரியும். அதை மட்டும் எடுத்து வேலை செய்யலாம்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் ஒன்றில், பழைய தமிழ் ஸ்டுடியோ படங்களைத் தேடிப் பிடித்து டிஜிட்டலாக்கியிருக்கிறது. நம்ம வீட்டுச் சுவருக்கு அவங்க வரமாட்டாங்க, நாமதான் செய்யணும். 48 பிட் டிஃப் ஃபைலைத் தொடாமல் இரண்டு இடத்தில் வையுங்க. எடிட்டிங் எல்லாம் நகலில், 16 பிட்டிலேயே. 2018-ல் வந்த கிம்ப் 2.10-லிருந்து இது இலவசமாவே முடியும். லேபுக்கு அனுப்பும் நேரத்தில் மட்டும் 8 பிட்டுக்கு மாற்றி ஜேபெக்காக ஏற்றுமதி பண்ணுங்க.