தகடு புதுசு, ஆணி பழசா?



லயத்துக் கூரைக்கு அலுமினியத் தகடு வாங்குவதென்றால் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசெல்லாம் கரைந்துவிடும். அவ்வளவு செலவழித்துவிட்டு, "வீட்டுல கெடக்குற பழைய ஆணி போதும்" என்று அடித்துவிடுகிறோம். சில மழைக்காலம் போனபின் பார்த்தால் தகடு நன்றாகவே இருக்கும். ஆணியைச் சுற்றி மட்டும் வெள்ளை மாவு பூத்து, ஓட்டை பெரிதாகியிருக்கும். பிறகு பெருங்காற்று வீசும் ஒரு ராத்திரியில், பிள்ளைகள் தூங்கும் காம்பராவின் மேலிருந்து தகடு பறக்கும். குற்றம் தகட்டில் இல்லை, ஆணியில்தான்.

ஏன் இப்படி?

காற்றுப் பட்டதும் அலுமினியத்தின் மேல் மெல்லிய தோல் ஒன்று உண்டாகிறது. அதுதான் அதற்குக் காவல். ஆனால் வேறு உலோகம் ஒட்டியிருந்து, நடுவில் ஈரமும் நின்றால், அங்கே ஒரு சின்ன பற்றரி வேலை செய்யத் தொடங்கும். டோர்ச் பற்றரி நாள்பட்டால் அதன் நாகக் கூடு அரிபட்டு ஒழுகுவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? இங்கே அரிபடுவது அலுமினியம். செம்பு பட்டால் மிக மோசம். பூச்சில்லாத இரும்பும் கெடுதிதான். பனியும் மழையும் ஓயாத நம் மலையில் ஈரத்துக்குக் குறைவில்லை.

எதை வாங்குவது?

முதலில் ஒரு காந்தத்தைத் தகட்டில் வைத்துப் பாருங்கள்.

1. ஒட்டாவிட்டால் அது அலுமினியம். ஸ்டெயின்லெஸ் ஸ்குரு ஆணி நல்லது. தகடு பெரிது, ஆணி சின்னது என்பதால் அரிப்பு மிகக் குறைவு. விலை கட்டாவிட்டால் தடிப்பாக நாகம் பூசியதை வாங்கலாம். ஆனால் பூச்சுப் போய்த் துரு தெரிந்தவுடன் மாற்றிவிட வேண்டும்.

2. ஒட்டினால் அது பூச்சுப் போட்ட இரும்புத் தகரம். அதற்கு நாகம் பூசிய கூரை ஸ்குரு ஆணியே பொருத்தம். ஸ்டெயின்லெஸ் வேண்டாம்.

எதுவானாலும் றப்பர் வாஷரோடு வாங்குங்கள். ஈய வாஷர் வேண்டாம்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை

• அலுமினியம் வெயிலில் இரும்பைப்போல் இரண்டு மடங்கு நீளும். 10 அடித் தகடு, 30 பாகை சூடு ஏறினால் சுமார் 2 மில்லிமீற்றர் நீளும். ஆகவே ஓட்டையை ஆணியைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.
• வாஷர் அமர்ந்தால் போதும், பிதுங்கும்வரை முறுக்க வேண்டாம்.
• பென்சிலால் கோடு போடாதீர்கள். அதன் கரியும் அலுமினியத்தை அரிக்கும்.
• துளைத்தபின் இரும்புத் தூளை அன்றே கூட்டித் தள்ளுங்கள்.
• ஈரச் சீமெந்து தகட்டில் படக் கூடாது. செம்புக் கம்பியும் கூரையில் உரசக் கூடாது.

வருஷா வருஷம் மே மாத மழைக்கு முன்னே, ஒரு வெயில் நாளில் ஆணிகளைப் பாருங்கள். வெள்ளை மாவு, துருக்கோடு, வெடித்த வாஷர், இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த ஆணியை மாற்றுங்கள். கூரையில் ஏறுவது வேலை தெரிந்தவராக இருக்கட்டும்.

வீட்டில் பேசிப் பாருங்கள்: நம் கூரையில் இருப்பது எந்தத் தகடு? அதில் அடித்திருப்பது எந்த ஆணி?

காசு போட்டு வாங்கிய கூரையை ஒரு பிடி ஆணிக்காக இழக்கலாமா?