மண்ணுக்கு ஒரு போர்வை: மூடுபடையை மொத்தமாக வாங்குவது எப்படி?



லயத்துப் பக்கம் நமக்குக் கிடைப்பது ஒரு துண்டு நிலந்தான். அதிலே கரட், லீக்ஸ், போஞ்சி, கோவா என்று நாலு பாத்தி போட்டு வைத்திருப்போம். மழை வந்தால் மேல்மண் கானோடு போய்விடுகிறது. வெயில் வந்தால் பாத்தி வெடித்துவிடுகிறது. பசளையும் முன்போல மலிவாக இல்லை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தபோது நாம் பட்ட பாடு மறந்திருக்காது. போட்ட பசளை மழையோடு போகாமல் காப்பதுதான் இன்று பெரிய சேமிப்பு. அதற்குச் சுலபமான வழி மூடுபடை. விவசாயப் போதனாசிரியர்கள் இதைப் பத்திரக்கலவை என்றும் சொல்வார்கள்.

மூடுபடை என்றால் என்ன?

வைக்கோல், காய்ந்த புல், இலைதழை, மரத்தூள் போன்றவற்றைச் செடிகளுக்கு இடையே மண் தெரியாமல் பரப்பி விடுவது. இது நமக்குப் புதிய விசயமல்ல. கவ்வாத்து வெட்டிய மலையில் இலையையும் சிறு கிளையையும் அப்படியே மண்ணில் பரப்பி விடுகிறோம் அல்லவா? மீள்நடுகைக்கு முன் குவாத்தமாலாப் புல்லும் மானாப் புல்லும் வளர்த்து, வெட்டி, அங்கேயே போடுகிறோம் அல்லவா? அதே வேலைதான். மழைத்துளி மண்ணில் நேராக அடிக்காது. ஈரம் காயாது. களை குறையும். பிறகு அதுவே மக்கி உரமாகும்.

முதலில் காசில்லாமல் கிடைப்பது

வாங்கப் போகும் முன் சுற்றிப் பாருங்கள். பாதையோரத்துக் காட்டுச் சூரியகாந்தி, முள்முருங்கைத் தழை, காய்ந்த சருகு எல்லாம் நல்ல மூடுபடை. பூத்து விதை பிடித்த புல் மட்டும் வேண்டாம். அது களையை நாமே விதைப்பதாகும். தேயிலை மலையில் கிடக்கும் கவ்வாத்து இலையை அள்ளி வராதீர்கள். அது அந்த மலைக்கான போர்வை. விறகுக்கு மிலாறு எடுப்பது வேறு, இலையை வழித்தெடுப்பது வேறு.

எவ்வளவு வேண்டும்? கணக்குப் பாடம்

"ஒரு லொறி சொல்லிருவோமா அக்கா?" என்று தம்பி கேட்டால், "எத்தனை அடிக்கு?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். கணக்கு இதுதான்:

நீளம் (அடி) × அகலம் (அடி) = சதுர அடி.
3 அங்குலம் கனத்துக்குப் பரப்ப, சதுர அடியை 4ஆல் வகுத்தால் கன அடி வரும். (12 அங்குலம் ஓர் அடி, 3 அங்குலம் அதில் காற்பங்கு.)

மணல் வாங்கும்போது சொல்லும் ஒரு கியூப் என்பது 100 கன அடி. ஆகவே ஒரு கியூப் 400 சதுர அடிக்குப் போதும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு லயத்தில் 8 குடும்பம். ஒவ்வொன்றுக்கும் 12 அடிக்கு 10 அடி தோட்டம். அதாவது 120 சதுர அடி. எட்டுக்கும் சேர்த்து 960 சதுர அடி. 4ஆல் வகுத்தால் 240 கன அடி. லொறிப் பெட்டி 10 அடி நீளம், 6 அடி அகலம் என்றால், 4 அடி உயரத்துக்கு நிரப்பினால் சரியாக 240 கன அடி. ஒரு லொறியில் எல்லாருக்கும் முடிந்துவிடும்.

பேச்சுக்கு லொறிக் கூலியோடு 24,000 ரூபா என்று வைப்போம். ஆளுக்கு 3,000 ரூபா. ஆனால் லொறி 3 அடி உயரத்துக்கு மட்டும் நிரப்பி வந்தால்? 180 கன அடிதான் இருக்கும். 60 கன அடி குறைவு. அதாவது இரண்டு குடும்பத்தின் பங்கு, 6,000 ரூபா, காற்றோடு போய்விட்டது! பெரட்டுக்குப் போய் வெயிலிலும் மழையிலும் உழைத்த காசு அது.

"பார்வைக்கு நெறைய இருந்துச்சுங்க" என்று பிறகு சொல்லிப் பயனில்லை. பார்வை ஏமாற்றும், அளவு நாடா ஏமாற்றாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. விலை பேசும்போதே கன அடியைப் பேசுங்கள். "ஒரு லோட்" என்பது அளவு அல்ல. லொறிக்கு லொறி பெட்டி மாறும்.

2. மரத்தூளை நிறைக்கு வாங்காதீர்கள். நனைந்த தூளில் தண்ணீருக்கும் காசு கொடுத்தவர்கள் ஆவோம்.

3. வைக்கோல் வழியில் அமுங்கும். அதனால் ஏற்றும் இடத்திலா, இறக்கும் இடத்திலா அளப்பது என்று முதலே முடிவு செய்யுங்கள். இயந்திரத்தில் அமுக்கிக் கட்டியதென்றால் கட்டுகளை எண்ணி வாங்குவது நல்லது. பரப்பிய பிறகும் வைக்கோல் தாழும். கணக்கில் காற்பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

4. இறக்க முன் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். சூடாக, கறுத்து, புளித்த நாற்றம் அடித்தால் வேண்டாம். பொலித்தீன், கண்ணாடித் துண்டு, ஆணி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

5. வர்ணம் அடித்த பலகை, மருந்து ஏற்றிய மரம், ஒட்டுப்பலகை ஆகியவற்றின் தூள் மரக்கறிப் பாத்திக்கு ஆகாது.

6. வேறு தோட்டத்து உருளைக்கிழங்கு, கோவாக் கழிவை மண்ணோடு வாங்கவே வேண்டாம். கிழங்கு வேரைத் தாக்கும் நுண்புழுவும் கோவாவின் வேர்வீக்க நோயும் மண்ணோடு வரும். வந்தால் பல வருசம் போகாது.

7. பணத்தை ஒருவர் சேர்க்கட்டும், அளவை இன்னொருவர் எடுக்கட்டும். இரண்டையும் கொப்பியில் எழுதி எல்லாருக்கும் காட்டுங்கள். சீட்டுப் பிடிக்கும்போது இருக்கும் ஒழுங்கு இதற்கும் வேண்டும்.

எப்போது வாங்கலாம்?

பெரும்போக அறுவடை பெரும்பாலும் பெப்ரவரி, மார்ச்சிலும், சிறுபோக அறுவடை ஆகஸ்ட், செப்டெம்பரிலும் நடக்கும். அந்த நாட்களில்தான் வைக்கோல் தாராளமாகக் கிடைக்கும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தார் மார்ச்சில் வாங்கிப் போட்டால் மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவமழைக்கு மண் தயாராக இருக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தார் செப்டெம்பரில் வாங்கினால் ஒக்டோபருக்குப் பின் வரும் பெருமழையைச் சமாளிக்கலாம்.

எப்படிப் போடுவது?

முதலில் களை பிடுங்குங்கள். மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது பரப்புங்கள். காய்ந்த மண்ணை மூடினால் காய்ச்சலைத்தான் மூடி வைப்போம். செடியின் அடித்தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விடுங்கள். ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும். கரட் விதைத்த பாத்தியில் மெல்லியதாகப் போட்டு, முளை தெரிந்ததும் எடுத்துவிடுங்கள்.

மரத்தூள் என்றால் ஓர் அங்குலம் போதும். பச்சைத் தூளை மண்ணோடு கிளறாதீர்கள். அது மக்குவதற்கு மண்ணிலுள்ள நைதரசனை இழுத்துக்கொள்ளும். செடி மஞ்சளித்துப் போகும். சில மாதம் குவித்து மக்க வைத்த பிறகு போடுங்கள். அவசரமென்றால் நடைபாதையில் மட்டும் போடலாம்.

ஆபத்துகளும் உண்டு

வைக்கோலை லயத்துக் கூரை ஓரமாகவோ அடுப்படிப் பக்கமாகவோ குவிக்க வேண்டாம். ஒரு நெருப்புப் பொறி போதும், லயமே போய்விடும். குவியலில் கை வைக்கும் முன் தடியால் தட்டுங்கள், பாம்பு இருக்கலாம். ஈரக் காலத்தில் நத்தை சேரும். காலையில் பொறுக்கி எடுங்கள், செடிக்கு அருகே படையை மெல்லியதாக்குங்கள்.

முக்கியமான ஒன்று. மூடுபடை மண் அரிப்பைத் தடுக்கும், மண்சரிவைத் தடுக்காது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததை நாம் மறக்க முடியாது. லயத்துக்கு மேலே உள்ள சரிவில் கான்களை வைக்கோலால் அடைத்துவிடாதீர்கள். தண்ணீர் ஓட வழி வேண்டும். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென ஊறும் கலங்கல் நீர் கண்டால் தோட்டத்தைப் பிறகு பார்க்கலாம்; முதலில் பிள்ளைகளையும் வயதானவர்களையும் அழைத்துக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போய், கிராம அலுவலருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் அறிவியுங்கள்.

வீட்டுப் பாடம்

பிள்ளைகளை அளவு நாடாவோடு கூட்டிப் போய் உங்கள் தோட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். 15 அடிக்கு 8 அடி என்றால் 3 அங்குலத்துக்கு எத்தனை கன அடி வேண்டும்? (விடை: 30.) அடுத்த வீட்டாரோடு சேர்ந்து மொத்தத்தைக் கூட்டுங்கள். பிறகு ஒரு பாத்தியில் மட்டும் போட்டு, ஒரு பாத்தியை வெறுமையாக விட்டு, அடுத்த மழைக்குப் பின் இரண்டையும் பாருங்கள். எந்தப் பாத்தியில் மண் மிஞ்சியிருக்கிறது என்பதை உங்கள் கண்ணே சொல்லிவிடும்.