பழைய பைக்கில் பிக்கப் இல்லையா? எஞ்சினைப் பிரிக்கும் முன் இவற்றைப் பாருங்கள்

முசிறிக்கு ரயில் கிடையாது. ரயிலைப் பிடிக்கக் காவிரிப் பாலம் தாண்டிக் குளித்தலைக்குத்தான் போக வேண்டும். தொட்டியம் வாழைத்தோட்டமோ, துறையூர், தா.பேட்டையோ, எங்கே போய்வரவும் இந்தப் பக்கத்துப் பல வீடுகளில் நிற்பது கைமாறி வந்த 100 சிசி வண்டிதான். அதில் அடிக்கடி கேட்கும் குறை: “அறுபதுல நல்லா ஓடுது. ஆனா எடுத்த எடுப்புல இழுவையே இல்ல, முக்குது.” உடனே ‘போர் போயிடுச்சு, எஞ்சினை இறக்கணும்’ என்று யாராவது சொன்னால் சம்மதித்துவிடாதீர்கள். அறுபதில் திணறாமல் ஓடும் வண்டியில் பிஸ்டனும் ரிங்கும் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கும். கோளாறு வேறு இடத்தில். செலவில்லாத சோதனையில் தொடங்கி வரிசையாக வாருங்கள்.

1. ஆக்சிலேட்டரை எவ்வளவு திருகும்போது திணறுகிறது என்று முதலில் கவனியுங்கள். கார்ப்பரேட்டர் வண்டியில் கால் பங்கு திருகும் வரை பெட்ரோல் பெரும்பாலும் ஸ்லோ ஜெட் வழியாகப் போகும். நடுவில் ஸ்லைடும் நீடிலும் அளவைத் தீர்மானிக்கும். முழுக்கத் திருகினால்தான் மெயின் ஜெட்டுக்கு வேலை. ஆகவே, கிளம்பும்போது மட்டும் திணறும் வண்டிக்கு மெயின் ஜெட்டை மாற்றுவது வீண் செலவு. ஆடி மாதத்தில் தொட்டியம் பக்கம் போனால் எதிர்காற்று பலமாக அடிக்கும்தான். ஆனால் 20, 30 கி.மீ. வேகத்தில் காற்றின் தடை சொற்பம். அந்த வேகத்தில் முக்கினால் காற்றின் மேல் பழி போட வேண்டாம்.

2. சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் பல சுற்று ஓட வேண்டும். உடனே நின்றால் பிரேக் ஷூ பிடித்துக்கொண்டிருக்கிறது. வயல் சேறு டிரம்முக்குள் காய்ந்து இறுகினாலும், பிரேக்கை அளவுக்கு மீறி முறுக்கி வைத்தாலும் இது நடக்கும். முன் சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். எஞ்சினைக் குறை சொல்லும் முன் இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்யாதவர்களே அதிகம்.

3. டயர் காற்று. செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் அளவைப் பாருங்கள். பின்னால் ஆள் ஏற்றினால் அளவு வேறு.

4. மூன்றாவது கியரில் 30 கி.மீ. வேகத்தில் போகும்போது சட்டென்று ஆக்சிலேட்டரைத் திருகுங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. பிளேட் மாற்றும் முன் கேபிளைச் சரிபாருங்கள். லீவர் நுனியில் 1 முதல் 2 செ.மீ. தளர்வு இருக்க வேண்டும். ஆயிலையும் விசாரியுங்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து ஓடுவதால் கார் ஆயிலை ஊற்றினால் வழுக்க வாய்ப்பு உண்டு. டப்பாவில் ‘ஜாசோ எம்.ஏ.’ என்று போட்டிருக்கும் ஆயிலே பைக்குக்கு ஏற்றது.

5. செயின் ஸ்பிராக்கெட்டின் பற்களை எண்ணிப் பாருங்கள். மைலேஜுக்காக முந்தைய உரிமையாளர் முன்பக்கம் ஒரு பல் கூடுதலான ஸ்பிராக்கெட்டைப் போட்டிருக்கலாம். அப்படியானால் மேல் வேகத்தில் நன்றாக ஓடும், கிளம்பும்போது இழுக்காது. உரிமையாளர் கையேட்டில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள்.

6. இந்தக் குறிப்பை மட்டுமாவது மனத்தில் வையுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு சோக்கைப் பாதி இழுத்துவிட்டு வண்டியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சோக் போட்டதும் இழுவை கூடினால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று பொருள்: ஸ்லோ ஜெட் அடைத்திருக்கும், அல்லது கார்ப்பரேட்டரும் எஞ்சினும் சேரும் இடத்தில் ரப்பர் வெடித்துக் காற்று உள்ளே போகும். ஐட்லிங்கில் ஓடவிட்டு அந்த இணைப்பில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் அங்கேதான் கசிவு. மாறாக, சோக் போட்டதும் இன்னும் மோசமானால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகமாகப் போகிறது. ஏர் ஃபில்டர் அடைப்பு, முழுதும் திரும்பாத சோக், கார்ப்பரேட்டர் ஃப்ளோட் கோளாறு என்று தேடுங்கள். எந்தப் பக்கம் தேடுவது என்பது இந்தச் சோதனையில் தெரிந்துவிடும். மெக்கானிக்கிடம் இதைச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

7. ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். ஸ்பாஞ்ச் வகையானால் மண்ணெண்ணெயில் அலசி, பிழிந்து உலர்த்தி, சில சொட்டு ஆயில் தடவி மாட்டலாம். காகித வகையைக் கழுவக் கூடாது, புதிதுதான் போட வேண்டும். கோரைத் தூசும் வைக்கோல் தூசும் பறக்கும் பாதையில் ஓடும் வண்டிக்குக் கையேடு சொல்லும் கெடு வரை காத்திருக்காதீர்கள்.

8. மாதக்கணக்கில் நின்ற வண்டியா? பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். கார்ப்பரேட்டர் அடியில் உள்ள டிரெய்ன் ஸ்குரூவைத் தளர்த்தினால் அடியில் தேங்கியதும் வந்துவிடும். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், தண்ணீர் கூடினால் அடியில் பிரிந்து தங்கும். இந்த வேலையைத் திறந்தவெளியில், அருகில் நெருப்பில்லாமல் செய்யுங்கள். சைலன்சர் வாயையும் பாருங்கள். நின்ற வண்டியில் குளவி கூடு கட்டியிருக்கக்கூடும்.

9. பிளக் முனை இளம்பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் உள்ளே போகிறது. ஆறாவது குறிப்பின் முடிவோடு இது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

10. ‘கட கட’ சத்தம் போடும் டேப்பட்டைவிடச் சத்தமே இல்லாத இறுகிய டேப்பட்தான் ஆபத்து. வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் குறைந்து, முதலில் அடிபடுவது கிளம்பும் இழுவைதான். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

11. பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். சூப்பர், ஆர்.எக்ஸ். 100 என்றால் சைலன்சரில் கரி அடைத்திருப்பதே முதல் சந்தேகம். கழற்றிக் கரி எடுத்தாலே பலவற்றில் பழைய இழுவை திரும்பும்.

12. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி அமலானதால் அதன் பின் வந்த வண்டிகளில் பெரும்பாலும் ஃபியூவல் இன்ஜெக்ஷன்தான். அவற்றில் ஜெட்டும் இல்லை, திருகிச் சரிசெய்ய ஸ்குரூவும் இல்லை. மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தால், ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறைக்கே கொண்டுபோங்கள்.

13. இன்னும் வாங்கவில்லை என்றால், விற்பவர் ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால் மறுநாள் காலை வாருங்கள். குளிர்ந்த எஞ்சினில் கிக்கரை மெதுவாகக் கையால் அழுத்துங்கள். ஓர் இடத்தில் திடமாக எதிர்த்து நிற்க வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் கிக்கர் இறங்கி, ஓடும்போது நீலப் புகையும் வந்தால் அது ஸ்லோ ஜெட் கோளாறு அல்ல. எஞ்சின் வேலைக்கான தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் அந்த வண்டி வேண்டாம்.