சிங்கி இறால்

தூத்துக்குடிக் கடல் என்றவுடன் முத்தும் சங்குமே நம் நினைவுக்கு வருகின்றன. அக்கடலின் பாறை இடுக்குகளில் வாழும் மற்றொரு செல்வம் சிங்கி இறால். நண்டுக்குள்ளவை போன்ற பெருங்கொடுக்குகள் இதற்கில்லை. முள் செறிந்த நீண்ட உணர்கொம்புகளே இதன் படைக்கலம். பகலில் பொந்தில் ஒடுங்கியிருந்து, இரவில் இரை தேடப் புறப்படும்.

இதனைப் பிடிக்க இக்கரையில் பெரிதும் பயன்படுவது, கடலடியில் விரிக்கும் சிங்கி வலை. குமரிமுனைக்கு அப்பால் குளச்சல் பகுதி மீனவரோ, பனைமட்டை நாரால் கூடு பின்னி வந்தனர். கூட்டின் வாய் புறத்தே அகன்றும் உள்ளே குறுகியும் இருக்கும். உள்ளே சிப்பிச் சதையை வைத்துப் பாறையோரம் இறக்குவர். மணம் நாடி நுழைந்த இறாலுக்குத் திரும்பும் வழி புலப்படுவதில்லை. பனையோடு வாழ்ந்தவர்க்கன்றோ இவ்வறிவு வாய்க்கும்!

வலையில் சிக்கிய இறாலைப் பிரித்தெடுக்கையில் காலும் கொம்பும் ஒடியும். கூட்டிலோ அது ஊறின்றி உயிருடன் இருக்கும். ஆதலின் சிறியதையும், வயிற்றடியில் இலட்சக்கணக்கான முட்டைகளைச் சுமக்கும் பெண் இறாலையும் மீண்டும் கடலில் விட இயலும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, கண்ணாடி இலை போன்ற உருவுடன் பல மாதங்கள் மிதந்து திரிந்த பின்னரே கரையோரப் பாறையை அடைகிறது. பிழைப்பவை மிகச் சிலவே.

2003-ஆம் ஆண்டில் இந்திய அரசு, இனத்திற்கேற்ப 200, 300, 500 கிராம் எனக் குறைந்த அளவு எடையை வகுத்து, அதற்குட்பட்ட சிங்கி இறால்களின் ஏற்றுமதியைத் தடைசெய்தது. எடை குறைந்தவை உள்ளூர்ச் சந்தையில் விலைபோவதை அவ்வாணை தடுக்கவில்லை.